ஜீப்பின் அடியில் 'டக்' சத்தமா? கிராஸை முதலில் கவனியுங்கள்

மதுரைச் சமவெளியில் பழைய ஜீப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. எரு ஏற்ற, நெல் மூட்டை இழுக்க, காய்கறியை விடியுமுன் மார்க்கெட்டில் சேர்க்க அது உதவுகிறது. சேற்றிலும் மணலிலும் நான்கு சக்கரமும் இழுப்பதால் மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகள் அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகள் ஓடி, பிறகு ஏலத்தில் விவசாயிகள் கைக்கு வந்தன. இத்தகைய வண்டியில் அதிகம் தேய்வதும், குறைவாகக் கவனிக்கப்படுவதும் புரொப்பல்லர் ஷாப்ட்தான்.

சத்தம் கேட்டதும் 'கிரவுன் போய்விட்டது' என்று டிபரன்ஷியலை இறக்கிப் பெருஞ்செலவு செய்வோர் உண்டு. சத்தமோ ஷாப்டின் நுனியில் உள்ள சிறிய கிராஸிலிருந்து வந்திருக்கும். எனவே செலவு செய்யுமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது. இதற்கு வேண்டியது இரண்டு கைகளும் கால் மணி நேரமும்தான்.

ஷாப்ட் செய்யும் வேலை

கியர் பெட்டியின் பின்னால் உள்ள டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு ஷாப்டும், முன் அச்சுக்கு ஒரு ஷாப்டும் செல்கின்றன. பள்ளம் மேட்டில் அச்சு ஏறி இறங்கும். ஷாப்ட் அதற்கேற்ப வளைந்து கொடுக்க இரு நுனியிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ் உண்டு. கிராஸின் நான்கு முனைகளிலும் நான்கு கப்புகள். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். இவற்றையே நீடில் என்கிறோம். ஷாப்டின் நீளம் கூடிக் குறைய, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் அமைப்பு உண்டு. இதற்கு ஸ்பிளைன் என்று பெயர்.

பழைய வில்லிஸ் வகை வண்டியில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்றும், ஷாப்ட் சுமார் 1,600 சுற்றும் சுற்றுகின்றன. கிரீஸ் இல்லாமல் இப்படி ஓடினால் நீடில்கள் எத்தனை நாள் தாங்கும்?

'நான் முன் கியரைப் போடுவதே இல்லை, முன் ஷாப்ட் எப்படித் தேயும்?' என்று சிலர் கேட்கிறார்கள். முன் சக்கரத்தில் விடுவிக்கும் ஹப் இல்லாத வண்டிகளில், முன் கியர் போடாவிட்டாலும் சக்கரம் முன் ஷாப்டைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அதற்கும் கிரீஸ் வேண்டும்.

சத்தம் சொல்லும் சேதி

கிளட்சை விட்டு வண்டி நகரும்போதும், முன்னும் பின்னும் கியர் மாற்றும்போதும் 'டக்' என்று கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். ஸ்பிளைன் தேய்வும், கிரவுன் பினியனில் கூடுதல் இடைவெளியும் இதே சத்தத்தைத் தரும்.

மெதுவாகச் செல்லும்போது எண்ணெய் இல்லாத சைக்கிள் போல 'கீச் கீச்' என்றால் கிராஸில் கிரீஸ் வறண்டுவிட்டது.

வேகம் கூடக்கூடக் காலடியில் அதிர்வு கூடினால், ஷாப்ட் வளைந்திருக்கலாம், நசுங்கியிருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஷாப்ட் தவறாகப் பூட்டப்பட்டிருக்கலாம்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளை போன்ற சத்தம் வந்தால் டிபரன்ஷியலைச் சந்தேகிக்க வேண்டும்.

கையால் சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய முட்டுக்கல் வையுங்கள். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை விட்டபின் அடியில் செல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது.

கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து, இரண்டையும் எதிர் எதிராக முறுக்குங்கள். பிறகு மேலும் கீழும் அசையுங்கள். நல்ல கிராஸில் ஆட்டமே தெரியக்கூடாது. கையில் 'டிக்' என்று பட்டாலே மாற்ற வேண்டியதுதான். கப்பைச் சுற்றிக் காவி நிறப் பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் போய் இரும்பு இரும்போடு உராய்கிறது என்று பொருள்.

அடுத்து ஸ்பிளைனைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு இருக்கலாம். கடகடவென ஆடினால் தேய்ந்துவிட்டது. டிபரன்ஷியல் பக்கம் உள்ள பிடியைத் தூக்கி இறக்குங்கள். அது மேலும் கீழும் ஆடினால் குறை பினியன் பேரிங்கில் உள்ளது. கடைசியாக எல்லா போல்ட்டையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். நட்டு தளர்ந்ததே சத்தத்துக்குக் காரணமாக இருப்பதும் உண்டு.

கைப்பிரேக்கை நம்பாதீர்கள்

பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் கைப்பிரேக் டிரம் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், ஷாப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கைப்பிரேக் ஷாப்டைப் பிடிக்கிறது, ஷாப்ட் சக்கரத்தைப் பிடிக்கிறது. பின் ஷாப்டின் கிராஸ் உடைந்தால், முன் கியர் போடாத நிலையில் கைப்பிரேக் இருந்தும் பயனில்லை. கியரில் நிறுத்தினாலும் வண்டி நிற்காது. கண்மாய்க் கரைச் சரிவில் மூட்டையோடு நிற்கும் வண்டி தானே உருண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓடும்போது ஷாப்டின் முன் நுனி கழன்று விழுந்தால் அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். தேய்ந்த கிராஸை 'அறுவடை முடியட்டும்' என்று தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து.

கழற்றுமுன் கோடு போடுங்கள்

கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஷாப்டின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. கோணம் 20 டிகிரி ஆனால், ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் சுமார் 6 சதவீதம் கூடியும் குறைந்தும் வரும். ஒரு நுனியில் ஏற்படும் இந்த ஏற்ற இறக்கத்தை மறு நுனி சரிசெய்கிறது. அதற்கு ஷாப்டின் இரு நுனிப் பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்பிளைனை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் புதுக் கிராஸ் போட்ட வண்டி அதிரும். எனவே கழற்றுமுன் ஸ்பிளைனின் இரு பக்கத்துக்கும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

முட்டுக்கல் இல்லாமல் ஷாப்டைக் கழற்றாதீர்கள். கழற்றியதும் கப்புகளைக் கயிற்றால் கட்டினால் நீடில் சிதறாது. பழைய கிராஸின் முனையை நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அந்தக் கிராஸ் இனி உதவாது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கிராஸில் பல அளவுகள் உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோய், கப்பின் விட்டத்தையும் முழு நீளத்தையும் வெர்னியரால் அளந்து வாங்குங்கள்.

கப்பை வைஸில் வைத்து அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்தால் பிடி வளையும். லாக் தன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் உள்ளே ஒரு நீடில் சாய்ந்து கிடக்கிறது. கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். பூட்டிய கிராஸ் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தோடு கையால் அசைய வேண்டும்.

கப் பிடியின் துளையில் தளர்வாகச் சுற்றினால், தகரம் வெட்டி வைத்து இறுக்கும் வழக்கம் உள்ளது. அது சில நாள் ஓடும், பிறகு கழலும். பிடியையே மாற்றுவதுதான் முறை. வளைந்த ஷாப்டை நிமிர்த்தினாலும், வெல்டிங் வைத்தாலும், லேத்தில் ஓட்டம் பார்த்துப் பேலன்ஸ் செய்தபிறகே பூட்ட வேண்டும்.

சிம்மக்கல் பக்கம் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தை பழைய சாமான்களுக்குப் பெயர் பெற்றது. பழைய சாமானில் பிடியோ ஷாப்டோ வாங்கலாம். ஸ்பிளைனில் புதுப் பிடியைப் போட்டு முறுக்கிப் பார்த்து, குழாயில் நசுங்கல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஆனால் கிராஸை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தைவிட மறுபடி கழற்றும் கூலி அதிகம்.

கிரீஸ்

மாதம் ஒரு முறை கிரீஸ் கன்னால் அடியுங்கள். வாய்க்காலிலோ சேற்றிலோ இறங்கி வந்தால் அன்றைக்கே அடிப்பது நல்லது. நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றால் ஷாப்டைத் திருப்பி மீண்டும் அடியுங்கள். அப்போதும் வராத கப் வறண்டு ஓடுகிறது. கழற்றிப் பார்க்க வேண்டும்.

தார் ரோட்டில் முன் கியர் போட்டு ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டும். தார் ரோட்டில் அந்த முறுக்கு முழுவதும் கிராஸின் தலையில் விழும்.

ஜீப் இல்லாதவர்களுக்கும்

டிராக்டரில் ரோட்டவேட்டரை இயக்கும் பி.டி.ஓ. ஷாப்டிலும் இதே கிராஸ்தான் உள்ளது. மேலே சொன்ன சோதனையும், கோடு போடுவதும், கிரீஸும் அதற்கும் பொருந்தும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. மேல்மூடி இல்லாமல் ஓட்டக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, ஷாப்ட் நின்றபிறகே அருகில் செல்ல வேண்டும்.

உழவு தொடங்குமுன் ஒரு நாள் காலை முட்டுக்கல்லும் கிரீஸ் கன்னும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த வாரமே கிராஸை மாற்றுங்கள். அதுவரை மூட்டை ஏற்றிச் சரிவில் வண்டியை நிறுத்தாதீர்கள்.