காங்கிரியும் முதுமையும்

காஷ்மீரில் குளிர் மிகவும் கடுமையானது. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் குளிரின் உச்சம். அப்போது மக்கள் 'ஃபெரன்' என்ற தொளதொளப்பான நீண்ட அங்கியை அணிவார்கள். அதற்குள் காங்கிரியை வைத்துக்கொள்வார்கள்.

காங்கிரி என்றால் என்ன? அது ஒரு சிறிய மண்சட்டி. சுற்றிலும் கூடை போலப் பின்னியிருப்பார்கள். சட்டியில் கரித் தணல் இருக்கும். உட்காரும்போது தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள். ஏழைக்கு இதைவிட மலிவான கணப்பு வேறு இல்லை. அதனால் காங்கிரியைக் குறை சொல்வது எளிது. விடுவது எளிதல்ல.

இந்தச் சூடு தோலை உடனே சுட்டுவிடாது. நாள்தோறும் வாட்டும். தொடையிலும் அடிவயிற்றிலும் வலை விரித்தது போலப் பழுப்புக் கோடுகள் விழும். பிறகு தோல் தடித்துச் சொரசொரப்பாகும். பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அதே இடத்தில் ஆறாத புண் வரும். இதுவே காங்கிரிப் புற்றுநோய். எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார்.

இளைஞர்களும் காங்கிரி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. ஏன்?

ஒவ்வொரு குளிர்காலத்திலும் தோலின் செல்களுக்குச் சிறிது சேதம் ஏற்படுகிறது. அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. இளம் உடல் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். வயதான உடலுக்கு அந்த வேகம் இல்லை. கெட்ட செல்களை அழிக்கும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிடுகிறது.

நோய் பரவுவதிலும் வயதுக்குப் பங்கு உண்டு. மெலனோமா என்பது வேறு வகைத் தோல் புற்றுநோய். அதை வைத்து எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. கிழட்டு எலிகளின் தோலில் கட்டி மெதுவாகவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்கு அதிகமாகப் பரவியது! முதிய தோலில் சுரக்கும் சில பொருள்களே அதற்கு உதவின. கட்டி சிறியதாக இருக்கிறதே என்று சும்மா இருக்க முடியாது.

காங்கிரிப் புற்றுநோய் முதலில் தொடை இடுக்குக்குப் பரவும். அங்கே நெறி கட்டும். பெரியவர்கள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. புண் இருக்கும் இடம் அப்படி! வலியும் தொடக்கத்தில் அதிகம் இராது. மருந்து தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள்தாம் கேட்டறிய வேண்டும். இது தொற்றுநோய் அல்ல. ஆகவே அருகில் போகப் பயம் வேண்டாம்.

ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லையா? மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். புற்றுநோய் என்று தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எடுப்பார்கள். நெறிக்குப் பரவியிருந்தால் அதையும் எடுக்க வேண்டியிருக்கும். அது பெரிய அறுவை. புண் சிறியதாக இருக்கும்போதே போனால், பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே முடித்துவிடலாம். 70 வயதுக்காரரும் அதைத் தாங்குவார்.