மலைக்குக் குடிபோகலாமா? – உங்களுக்குத் தெரியுமா?

மே மாதம் மூன்று நாள் ஊட்டியில் இருந்துவிட்டு இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு, பர்லியாரைத் தாண்டுவதற்குள் ஒரே யோசனை வந்துவிடும்: பேசாமல் இங்கேயே வந்துவிட்டால் என்ன? காட்டில் நடக்க, சைக்கிள் மிதிக்க, பறவை பார்க்க என்று நாளின் பாதியை வெட்டவெளியில் கழிப்பவர்களுக்கு அந்த யோசனை இன்னும் பலமாக வரும். அப்படி வந்தவர்களுக்காகவே இந்த வாரத் துணுக்குகள்.

● நீலகிரியில் குடியேற இடம் தேடிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் தேர்ந்தெடுத்தது ஊட்டியை அல்ல. 1819-ல் மலையேறியவர் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில்தான் முதல் பங்களாவைக் கட்டினார். பிறகுதான் ஊட்டி அவர் கண்ணில் பட்டது. 1822-ல் அங்கே கல் வீட்டு வேலையைத் தொடங்கினார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் வாங்கினார் என்பார்கள். அந்தக் கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கன்னேரிமுக்கு வீடு பார்வையாளர்களுக்கான நினைவகமாகிவிட்டது. கலெக்டருக்கே ஒரே மாவட்டத்தில் இரண்டு இடம் பார்க்க வேண்டியிருந்தது என்றால், நாம் முதல் தரகர் காட்டிய முதல் வீட்டுக்கே முன்பணம் கொடுப்பானேன்?

● நீலகிரி ஒரே ஊர் அல்ல. ஒரே வானிலையும் அல்ல. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். பந்தலூர் தாலுகாவின் தேவாலா தமிழகத்தில் அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை கிழக்கே குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே மழை மறைவில் உட்கார்ந்திருக்கிறது மசினகுடி. அங்கே முள்ளும் புதருமாக வறண்ட காடு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக ஒரு மணி நேரம் இறங்கினால் ஸ்வெட்டரைக் கழற்றி வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியதுதான்.

● 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 911 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். இது மேற்குப் பக்கத்துக் கதை. கிழக்கே என்றால் 2009 நவம்பர். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா, தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா என்று யாரும் பின்பக்கம் போய்ப் பார்ப்பதில்லை.

● ஜூலையில் தோல் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் பத்து நாள் மறந்து வைத்தால் பச்சைப் பூசணம் பூத்திருக்கும். கேமரா லென்ஸுக்கும் இதே கதிதான். பறவைப் படம் எடுப்பவர்கள் மழைக்காலம் முழுக்க லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருப்பார்கள். துவைத்த துணி காய்வதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

● ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பை இறக்கினால் பல்லில்தான் தெரியும். குக்கர் இல்லாமல் குடித்தனம் இல்லை.

● டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகிவிடும். அது பனிப்பொழிவு அல்ல, உறைபனி. படம் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், தேயிலைக்காரர்களுக்குத் திண்டாட்டம். கொழுந்து கருகாமல் இருக்கத் தாகைச் செடியை வெட்டி வந்து தேயிலைச் செடியின் தலையில் போர்த்துவார்கள். இன்னொன்று: குளிருக்குப் பயந்து அடுப்புக்கரியை மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்து உயிரிழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

● குளிர் ஊர் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஏப்ரல் 29 அன்று ஊட்டியில் 29 டிகிரி வெயில். 1951-க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு வெயில் பதிவாகவில்லை.

● காட்டோரம் வீடு கட்டி வாழ்வது எப்படி என்று வாழ்ந்தே காட்டியவர் குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார். சீகூர் பீடபூமியில் யானைகள் போய்வரும் பாதையை ஒட்டி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்த விலங்குகளைப் பார்த்துக் குறிப்பெழுதி, அதையே புத்தகமாக்கினார். வரையாடுகளை மலை மலையாக ஏறிக் கணக்கெடுத்தவரும் இவர்தான், அது 1975-ல். அவர் பிறந்த அக்டோபர் 7-ஐத்தான் தமிழக அரசு வரையாடு தினமாக வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் எடுத்த கணக்கில் தமிழகத்தில் தென்பட்ட வரையாடுகள் 1,031. வேலி போட்டு விலங்கை விரட்டாமல் ஒருவர் காட்டோரம் இருக்க முடிந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

● அதே சீகூரில் மற்றவர்கள் செய்ததற்கு வேறு முடிவு. யானை வழித்தடத்தில் எழும்பிய விடுதிகளுக்கு 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ல் தீர்ப்பும் வந்தது. ‘காட்டைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், அந்தக் காடு யார் நடக்கும் வழி என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

● நிலம் வாங்கும் ஆசைக்குக் கடிவாளம் போடும் சட்டங்களை ஆண்டு வாரியாகவே அடுக்கலாம். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949: பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த இடம் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ வாங்கவோ முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955: உங்கள் தோட்டத்து மரத்தை நீங்களே வெட்டவும் அனுமதி வேண்டும். கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம், 1969: ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்த நிலங்கள் இதில் வருகின்றன. அதன் 17-வது பிரிவில் மாட்டிய நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். 1993-ல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரில் நிறுத்தின. மண் தோண்டும் இயந்திரத்தை மலையில் இறக்கவே ஆட்சியரின் அனுமதி தேவை. கூடலூர்ப் பக்கம் யாராவது மலிவு விலை சொன்னால், முதல் கேள்வி ‘தண்ணீர் வருமா?’ என்பதல்ல; ‘செக்‌ஷன் 17-ஆ?’ என்பதுதான்.

● சொந்த ஊராகவே ஆகிவிட்டாலும் காட்டுக்குள் நினைத்தபோது நடக்க முடியாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைக் குடித்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசு திறந்தது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கூடவே வழிகாட்டி வருவார். நீலகிரியில் கேர்ன்ஹில் மாதிரி குழந்தைகளோடு போகக் கூடியதும் உண்டு, கோலாரிபெட்டா மாதிரி மூச்சை வாங்குவதும் உண்டு. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை எல்லாப் பாதைகளுக்கும் பூட்டு. வானம் தெளிந்து நடக்கத் தோதாக இருக்கும் மாதங்கள் அவைதான் என்பது வேறு விஷயம்.

● கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் அதற்கு ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது. ராம்சார் என்றதும் ஏரியும் சதுப்பும் நினைவுக்கு வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். இங்கே தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது மரமும் பாசியும் மக்கிய இலையும்தான்.

● நீலகிரி சிரிப்பான் என்ற பறவையைப் பார்க்க உலகில் இந்த மலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. தவிட்டுப்பழம் பழுக்கும் பருவத்தில் புதரோரம் நின்றால் போதும். சிரிப்பானும் வரும், கூடை சுமந்து பழம் விற்கும் அம்மாவும் வருவார்.

● ஊட்டிக்குள் நுழைந்ததும் ‘என்ன அடர்த்தியான காடு’ என்று வியக்கிறீர்களே, அதில் பெரும்பகுதி காடே அல்ல. உள்ளூர்க்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டவை. மலைக்குச் சொந்தமானவை புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கிய சோலையும். வீட்டைச் சுற்றி மரம் நடப் போகிறவர்கள் எதை நடுகிறோம் என்று பார்த்து நடலாம்.

● கரடிக்கு விளக்கெண்ணெய் பிடிக்கும். கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் கோயில் கதவை உடைத்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி வரும் செய்தி. பேக்கரியும் எஸ்டேட் கடையும் தப்புவதில்லை. காட்டெருமையோ தேயிலைக்குள் நின்று சாவகாசமாக மேயும். தன் பாட்டுக்குப் போகவிட்டால் போய்விடும். செல்ஃபி எடுக்கக் கிட்டே போனவர்கள் ஆஸ்பத்திரியில் கண் விழித்திருக்கிறார்கள். விடியற்காலை ஓடப் பழகியவர்கள் வெளிச்சம் வந்த பிறகு ஓடுவது நல்லது. காதில் பாட்டு வேண்டாம்.

● பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் யானைக் கூட்டம் மேலேறி வரும். குன்னூர் சாலையில் போக்குவரத்து நின்றால் லாரி கவிழ்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

● மலை ரயிலைப் பற்றித் துணுக்கு இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அதைத் தெரியாதவர் யார்? குடியேறப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து அது அடிக்கடி ரத்தாகும் என்பதைத்தான்.

● ராணுவத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா ஓய்வு பெற்றதும் ராணுவத் தோழமையும் தோட்டமும் ஒருசேரக் கிடைக்கும் குன்னூரைத் தேர்ந்தெடுத்தார். 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறக்கும் வரை அதுவே அவர் ஊர்.

● வந்து தங்கிவிட்டவர்களில் எனக்குப் பிடித்த இன்னொரு கதை கோத்தகிரியில் உண்டு. பிரதிம் ராய், ஸ்னேஹலதா நாத், மேத்யூ ஜான் என்ற மூன்று நண்பர்கள் 1990-களில், பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் பழங்குடி மக்களைப் பற்றி விவரம் சேகரிக்க வந்தார்கள். வேலை முடிந்ததும் கிளம்பவில்லை. அவர்கள் கட்டிய கீஸ்டோன் நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

● நீலகிரிக்கு அதிகம் பேர் குடிபெயர்ந்தது காற்று வாங்க அல்ல. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. ஒப்பந்தம் போடுவதற்கு முன் யாரும் அவர்களிடம் விருப்பம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்து, லைன் வீடுகளில் மூன்று தலைமுறை ஓடிவிட்டது. டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர 2022-ல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்ற தொழிலாளிகள் மறுபடியும் ‘எங்கே போவது?’ என்று கேட்க வேண்டியதாயிற்று. நடைபோக நல்ல சாலை தேடி அந்தப் பக்கம் போகிறவர்கள் நடப்பது இவர்கள் போட்ட சாலையில்.

● ‘இரண்டு ஏக்கர் தேயிலை வாங்கிப் போட்டால் செலவுக்கு ஆகிவிடும்’ என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் உள்ளூர்ச் சிறு விவசாயி ஒருவரிடம் பச்சைத் தேயிலை என்ன விலை போகிறது என்று விசாரிக்கட்டும். கிலோவுக்கு 20 ரூபாய்கூடத் தேறாத மாதங்களை அவர் விரல்விட்டு எண்ணமாட்டார், விரல் போதாது. கட்டுபடியாகும் விலை கேட்டு 2023-ல் உண்ணாவிரதமே இருந்தார்கள்.

● சைக்கிள்காரர்களுக்கு: கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008 முதல் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சைக்கிள் பயணம் நடக்கிறது. ஏறும்போது நுரையீரலையும் இறங்கும்போது பிரேக்கையும் நம்ப வேண்டும்.

● 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. டி.என். 43 என்று தொடங்கும் நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அது வேண்டாம். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் யார் வண்டியில் இருந்தாலும் சோதனைச் சாவடியில் பிடுங்கப்படும்.

● நெஞ்சு வலி என்றால் கோவைக்கு ஓட வேண்டுமே என்ற கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியின் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பந்தலூர்க்காரர்களுக்கோ ஊட்டியைவிடக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிதான் பக்கம். உடம்புக்கு ஒன்று என்றால் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை.

● மூன்று மாநிலக் காடும் கைக்கெட்டும் தூரம் என்று கூடலூரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கடைசியாக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடப்படும். ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. மைசூரில் ஏழு மணிக்கு மேல் காபி குடிக்க உட்கார்ந்தால், அன்றைக்கு ராத்திரி அங்கேயே அறை தேட வேண்டியதுதான்.