டிராக்டரின் காற்று வடிகட்டியைப் பேணும் முறை

வட இந்தியாவின் கோதுமை வயல்களில் அறுவடை மும்முரமாக நடைபெறுவது ஏப்ரல் மாதத்திலாகும். கதிரடிக்கும் இயந்திரங்கள் எழுப்பும் உமித்தூசியும், வெப்பக் காற்று வாரிவரும் மண்புழுதியும் ஒன்றுசேரும் காலம் அது. டிராக்டருக்கு வேலை மிகுந்த காலமும் அதுவே. அப்புழுதிக்கும் எஞ்சினுக்கும் இடையே தடுப்பாக நிற்பது காற்று வடிகட்டி ஒன்றேயாகும்.

1 லிட்டர் டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை; நடைமுறையில் எஞ்சின் இதனினும் மிகுதியாகவே உறிஞ்சுகின்றது. வயற்புழுதியில் குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் நுண்துகள்கள் கலந்துள்ளன. இக்கனிமம் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. எஞ்சினுள் புகும் துகள்கள் மசகெண்ணெயுடன் கலந்து, சாணைப்பசைபோல் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடுகின்றன. அதன் விளைவாக அழுத்தம் குறையும். மசகெண்ணெய் எரிந்து நீலப்புகை தோன்றும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய எஞ்சினை விரைவிலேயே பிரித்துச் செப்பனிட நேரிடும்.

டிராக்டர்களில் இருவகை வடிகட்டிகள் வழக்கில் உள்ளன. முதலாவது எண்ணெய்க் கிண்ண வகை. இதில் காற்று நடுக்குழாய் வழியே கீழிறங்கி, எண்ணெயின் பரப்பில் மோதி, திடீரெனத் திரும்பி மேலெழுகின்றது. கனத்த துகள்கள் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. நுண்ணியவை எண்ணெயில் நனைந்த கம்பி வலையில் ஒட்டிக்கொள்கின்றன. புழுதி மிகுந்த வேலையின்போது கிண்ணத்தை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். அடியில் ஏறத்தாழ 1 செ.மீ. வண்டல் படிந்தாலோ, எண்ணெய் குழம்பாகக் கெட்டியானாலோ அதனை மாற்றுதல் அவசியம். வலையை டீசலில் அலசி, நன்கு வடியவிட்ட பின்னரே பொருத்த வேண்டும். பெட்ரோலைப் பயன்படுத்துதல் தீவிபத்துக்கு இடமளிக்கும். எண்ணெய் குறியிட்ட மட்டத்தில் இருத்தல் வேண்டும். குறைந்தால் தூசி தப்பிச் செல்லும். மிகுந்தால் எண்ணெயே எஞ்சினுள் உறிஞ்சப்பட்டு, அதன் வேகம் கட்டுக்கடங்காமல் போகக்கூடும்.

இரண்டாவது, மடிப்புத்தாள் வகை. இதனை எண்ணெயில் நனைத்தல் கூடாது. காற்றடித்துத் தூய்மை செய்வதாயின், அழுத்தம் ச. செ.மீட்டருக்கு 2 கிலோகிராமுக்கு மிகாமல், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் செலுத்த வேண்டும். தரையில் தட்டினால் விளிம்பு நசுங்கித் தூசிக்கு வழி உண்டாகும். பின்னர் உள்ளே விளக்கை வைத்துப் பார்த்தால், கிழிசலோ துளையோ இருப்பின் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அத்தகைய வடிகட்டியை மீண்டும் பொருத்தலாகாது. உள்ளே இரண்டாவதாக அமைந்த பாதுகாப்பு வடிகட்டியைத் தூய்மை செய்ய முயலாமல், உரிய காலத்தில் புதியதாக மாற்ற வேண்டும்.

தாள் வடிகட்டியை அடிக்கடி கழற்றுவதும் நன்றன்று. தாளின்மேல் படியும் மெல்லிய தூசிப்படலம் நுண்துகள்களைத் தடுக்க உதவுகின்றது. கழற்றும் ஒவ்வொரு முறையும் தூசி உட்புகவும் வாய்ப்புண்டு. அடைப்புக் காட்டி சிவப்பு நிறம் காட்டும்போதோ, கையேடு குறிப்பிடும் கால அளவிலோ கழற்றுதல் போதுமானது. எஞ்சின் திறன் குன்றிக் கரும்புகை கக்குமாயின், முதலில் ஆராய வேண்டியவற்றுள் வடிகட்டியும் ஒன்றாகும்.

எவ்வகை வடிகட்டியாயினும், எஞ்சினை நிறுத்திய பின்னரே திறத்தல் வேண்டும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் வெடிப்புகளையும் தளர்ந்த பட்டைகளையும் கவனித்தல் இன்றியமையாதது. அங்கு சிறு பிளவு இருப்பினும், வடிகட்டப்படாத காற்று நேராக எஞ்சினுள் புகுந்துவிடும். வடிகட்டிக்காக எடுத்த முயற்சி அனைத்தும் வீணாகும்.