இறக்கை கட்டிப் பறந்த இரும்பு!

முதலில் மாட்டு வண்டி, பிறகு ரயில், அதற்கப்புறம்தான் ஆகாய விமானம். இதுதானே நாம் அறிந்த வரிசை? ஆனால், மாட்டு வண்டியையே கண்டறியாத ஒரு பள்ளத்தாக்கில் முதன்முதலாக வந்து இறங்கிய வாகனமே ஆகாய விமானம்தான் என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, நியூகினித் தீவில் இருக்கிறது புலோலோ பள்ளத்தாக்கு. 1922-ல் பார்க் என்பவர் அதன் அருகே ஓர் ஓடையில் தங்கம் கண்டார். 1926-ல் ஈடி என்ற மலை ஓடையில் அதைவிடப் பெரும் புதையல் அகப்பட்டது. சேதி பரவியதுதான் தாமதம், வெள்ளைக்காரர்கள் கும்பல் கும்பலாகக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பினார்கள், சரி, போய்ச் சேருவது எப்படி? சலமோவா கடற்கரையிலிருந்து காட்டிலும் மலையிலும் ஒரு வாரத்துக்கு மேல் நடக்க வேண்டும். மூட்டை சுமந்தவர்கள் அந்தத் தீவின் மக்கள். ஆளுக்குச் சுமார் 50 ராத்தல் பாரம். மாதக் கூலி சில ஷில்லிங். சுமந்த அரிசியில் பெரும்பங்கு போகவர அவர்கள் வயிற்றுக்கே சரியாகிவிடும். ஆகவே, இன்னும் ஆட்கள், இன்னும் அரிசி! போதாததற்குச் சீதபேதி வேறு பரவியது. பாரத்தை இறக்கி வைத்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

1927-ல் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஒரு வார நடை ஒரு மணிக்கும் குறைவான பயணமாகிவிட்டது! உடனே, லெவியன் என்பவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பெரிய ஆசை பிறந்தது. ஆற்று மணலை வாரித் தங்கத்தைப் பிரிக்கும் 'டிரெட்ஜர்' என்ற மிதக்கும் யந்திரத்தையே கொண்டுபோனால் என்ன? அதன் எடை ஆயிரம் டன்னுக்கு மேல். விமானம் தூக்குவதோ 3 டன். அதனாலென்ன? யந்திரத்தைத் துண்டு துண்டாக்கினார்கள். ஜங்கர்ஸ் விமானத்தின் கூரையைத் திறந்து, கிரேனால் உள்ளே இறக்கினார்கள். பள்ளத்தாக்கில் மறுபடி பூட்டினார்கள். 1932 மார்ச்சில் முதல் டிரெட்ஜர் ஓடியது. அதைக் காண லெவியனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இப்படி எட்டு டிரெட்ஜர்கள் வந்தன. 1942-ல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு, ஜங்கர்ஸ் விமானங்களை எரித்தன. யுத்தம் முடிந்ததும் வேலை மீண்டும் தொடங்கி 1965 வரை நடந்தது. கிடைத்த தங்கம் 60 டன்னுக்கு மேல்!

பார்க், லெவியன், விமானிகள் எல்லோருடைய பெயரும் சரித்திரத்தில் இருக்கிறது. அரிசி மூட்டையோடு மலையேறியவர்களில் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறது? தங்கத்தை நிறுக்கத் தராசு உண்டு, நேயர்களே. அந்தத் தோள்களின் பாரத்தை நிறுத்துப் பார்த்தவர்கள்தான் யாருமில்லை.