பழைய பென்சும் பதுளை மலையும்

ஊவா மலைநாட்டில் கார் என்பது நெடுங்காலம் பெரிய துரையின் பங்களாவுக்கே உரிய பொருளாய் இருந்தது. அது வளைவில் ஊதி வருங்கால், கொழுந்துக் கூடையுடன் வழிவிட்டு ஒதுங்கி நின்றோர் நம் பாட்டிமார். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. இன்று அப்பாட்டியின் பேரன் ஆசிரியனாகவோ கொழும்பிற் கணக்கனாகவோ உயர்ந்து, இருபதாண்டு கண்ட பென்ஸ் ஒன்றை லயத்து வாயிலில் நிறுத்த விழைவானாயின், அதனை ஆடம்பரம் என்று இகழ மனம் வரவில்லை. (ஆடம்பரம் என்னும் சொல் வடமொழியிற் பெருமுரசையும் குறிக்கும். ஒலி பெரிது, உள்ளே வெறுமை.) கணக்கைப் பார் என்று மட்டுமே சொல்லத் தோன்றுகின்றது.

2020இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைக்காலத்தில் ஓடித் தேய்ந்த சிறு சப்பானியக் காரும் பொன்விலை பெற்றது. ஏறக்குறைய அவ்விலைக்கே முதிய பென்சு கிடைப்பதைக் கண்டு மயங்கினோர் பலர். ஏன் மலிவு என்று வினவினோர் சிலர். காரின் விலை ஆண்டுதோறும் தேயும். அதன் உதிரிப்பாகத்தின் விலை அவ்வாறு தேய்வதில்லை. பெருஞ்செல்வர் புதிதாய் வாங்கிய வண்டிக்கென அமைந்த பாகம், நாம் எளிய விலைக்கு வாங்கினோம் என்பதற்காக எளிதாய்விடுமா? போதாக்குறைக்கு அது டொலரில் வருவது. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது இவ்வுண்மை வீடுதேடி வந்தது. வருவாய் சிறிதாதல் கேடன்று, செலவு விரிதலே கேடு என்பது வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்திற் கண்ட முடிபு.

எரிபொருளை நோக்குக. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவோமாயின், லீற்றருக்கு 16 கிலோமீற்றர் தரும் சிறு கார் 62½ லீற்றர் குடிக்கும்; 8 தரும் பெருங்கார் 125 லீற்றர் குடிக்கும். பெற்றோல் லீற்றர் 300 ரூபாயெனக் கொள்ளினும் மிகைச்செலவு மாதம் 18,750 ரூபாய். 2022 யூலையில் வாரம் 20 லீற்றர் எனப் பங்கீடு வந்தபோது, அத்தகைய வண்டியால் 160 கிலோமீற்றரே ஓட முடிந்தது. பதுளையிலிருந்து கொழும்பு அதற்கும் அப்பால்.

இவையெல்லாம் பணத்தோடு போவன. பிறேக் அவ்வாறன்று. பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நெடிய இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்தால் வெப்பம் மிகும். ஈரமேறிய ஒயில் கொதிக்கும். மிதிகட்டை வெறுமனே தாழும். ஆதலின் ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுதலும், இறக்கத்திற் சிறிய கியரில் வருதலும் வேண்டும். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிற் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவ்வீதியை அறிந்தவர் பழைய வண்டியின் பிறேக்கில் மிச்சம் பிடிக்க எண்ணார்.

வாங்குமுன் வண்டியை விடியற்காலையிற் சென்று பார்க்க வேண்டும். எயார் சஸ்பென்சன் உள்ள வண்டி இரவு நின்ற இடத்தில் ஒருபுறம் சரிந்து அமர்ந்திருப்பின், காற்று கசிகின்றது எனக் கொள்க. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் புகையின் நிறத்தை நோக்குக. பின்னர் 680 மீற்றர் உயரத்துப் பதுளையிலிருந்து 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளைக்கு ஏற்றுக. வெப்பமுள் எங்கே நிற்கின்றது என்று காண்க. இறங்கியபின் சக்கரத்தருகே தீய்ந்த வாடை வருகின்றதா என முகர்ந்து பார்க்க. இறுதியாக, பதுளையில் அவ்வண்டியைத் திருத்துவோர் யார், பாகம் வேண்டின் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கே செல்ல வேண்டுமா, அது வரும்வரை எத்தனை நாள் பஸ்ஸிற் பள்ளிக்கூடம் போக நேரும் என்பவற்றை விற்பவரிடமன்று, திருத்துபவரிடம் கேட்டறிக.