வர்த்தகப் பட்டமும் வாலிபர் ஜீவனமும்

வர்த்தகக் கல்வி கற்றுப் பட்டம் பெறும் நம் வாலிபர்களையும் யுவதிகளையும் நோக்கி, "இனிச் செய்ய உத்தேசித்திருப்பது யாது?" என்று வினவினால், "உத்தியோகம் தேட வேண்டும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. வர்த்தகம் செய்யப்போவதாகச் சொல்பவர் அரியர். பி.காம்., பி.பி.ஏ. என்னும் பட்டங்கள் சர்க்கார் உத்தியோகத்திற்கு ஓர் அனுமதிச் சீட்டு என்ற அளவிலேயே மதிக்கப்படுகின்றன. அச்சீட்டும் செல்லுபடியாவது அரிதாகிவிட்டது. 2024-ம் வருஷத்தில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட ஸ்தானங்கள் 6,244. விண்ணப்பித்தவரோ 20 லட்சத்துக்கு மேற்பட்டவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான அவ்வேலைகளுக்குப் பட்டதாரிகளும் முண்டியடிக்கிறார்கள்.

இதற்காக வாலிபரை நிந்திப்பது நியாயமன்று. தறியிலும் வயலிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பம், மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தை நாடுவது இயற்கையே. துணிவிருந்தால் போதும் என்று மேடையில் உபதேசிப்போர் நம் ஜில்லாவின் சரித்திரத்தை நினைவுகூர்வார்களாக. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையைவிடத் துணிந்தவர் யார்? வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; 1908-ல் அவர் சிறை சென்றார்; 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. துணிவுக்குப் பின்னே முதலும் பழக்கமும் ஜனங்களின் ஆதரவும் நிற்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தைப் பெறச் சங்கரன்கோவிலில் இடமில்லையா? இங்கே விசைத்தறிகள் ஓடுகின்றன. பூ மார்க்கெட் நடக்கிறது. அருகே புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் நடைபெறுகிறது. 2017 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள சரக்கு சேவை வரியின் கீழ்ப் பதிவுபெற்ற வியாபாரிகள் யாவரும் காலந்தவறாது கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வியாபாரிகளின் சார்பில் அதனைச் செய்துகொடுக்கும் தொழிலுக்குப் பதிவு செய்துகொள்ளும் உரிமையை வர்த்தகப் பட்டதாரிகளுக்கும் நிர்வாகப் பட்டதாரிகளுக்கும் அச்சட்ட விதிகளே அளித்திருக்கின்றன. வக்கீல் சன்னதைப் போலத் தம் பட்டத்துக்கும் சட்டத்தில் ஓர் அந்தஸ்து உண்டென்பதை எத்தனை மாணவர் அறிவர்? எல்லோருக்கும் இதனால் ஜீவனம் கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு கடையின் பேரேட்டைக்கூடத் தொட்டுப் பாராமல் மூன்று வருஷம் கணக்கியல் கற்பவனுக்கு இவ்வழியும் அடைபட்டதே.

தொழிற் பழகுநர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. 2014-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் இன்ஜினீயரிங் படியாத பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் வேலை பழக வழி ஏற்பட்டது. எனினும் முப்பது பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்கு இது கட்டாயமன்று. சிறு முதலாளிகளே நிறைந்த ஊரில், ஆகவே, சட்டம் எட்டாத இடத்தில் ஊராரின் அபிமானமே வேலை செய்ய வேண்டும்.

நாம் வேண்டுவன மூன்று. கடைசி வருஷ மாணவர் ஒவ்வொருவரும் ஆறு மாதமேனும் உள்ளூர் ஆடிட்டரிடமோ வியாபாரியிடமோ வேலை பழகுமாறு கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வியாபாரிகள் அவர்களை எடுபிடி ஆட்களாகக் கருதாமல், உதவித்தொகை கொடுத்துக் கணக்கை நம்பி ஒப்படைக்க வேண்டும். அவ்விதம் பழகிய காலத்தைப் பல்கலைக்கழகம் பரீட்சை மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். சென்னைக்கு ரயிலேறுவதும் ஊரில் தங்குவதும் அவரவர் இஷ்டம். ஆனால் ஊரில் வழியில்லை என்பதற்காக ஒருவரும் ரயிலேறும்படி விடலாகாது. தேசபக்தியுள்ள வர்த்தகர்கள் இந்தக் கல்வி வருஷத்திலேயே இதற்கு முன்வருவார்களா?