மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யார்?

யாழ்ப்பாணத்தில் மனம் சரியில்லை என்று உதவி தேடிப் போகிறவர் பலவிதமானவர்களைச் சந்திக்கலாம்: பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர், தொண்டு நிறுவன உளவளத்துணையாளர், உளவியல் பட்டதாரி, போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளமருத்துவ நிபுணர். வீட்டாருக்கு எல்லாரும் ‘டொக்டர்’தான். ஆனால் இவர்களுள் மருந்து எழுதக்கூடியவர் இலங்கை மருத்துவ சபையில் மருத்துவராகப் பதிவு பெற்றவர் மட்டுமே. உளவியலில் கலாநிதிப் பட்டம் வைத்திருந்தாலும் எழுத முடியாது.

எழுத விட்டால் என்ன? அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002இலும் லூசியானா 2004இலும் உளவியலாளருக்கு அந்த உரிமையை வழங்கின. உளமருத்துவர் எட்டாத ஊர்கள் அங்கேயும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து கிளினிக்குக்கு வருகிறவருக்கு இது நியாயமாகவே படும். ஆனால் அந்த மாநிலங்களில் கலாநிதிப் பட்டத்துக்கு மேல் மருந்தியல் கல்வி, மேற்பார்வையில் பயிற்சி, தனிப் பரீட்சை எல்லாம் கேட்கிறார்கள். இங்கே உளவளத்துணைப் பயிற்சி குறுங்கால டிப்ளோமாவிலிருந்து பட்டம் வரை பலவாறாகக் கிடக்கிறது. தூரம்தான் சிக்கலென்றால், மனநலப் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகளைப் பிரதேச வைத்தியசாலைகளுக்கு அனுப்புவதே பாதுகாப்பான வழி என்பது என் எண்ணம்.

மருந்தெழுத மருத்துவ அறிவு ஏன் வேண்டும் என்பதற்கு, இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தையே பாருங்கள். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. வாந்தி, வயிற்றோட்டம், சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடியாமை, மூட்டு வலிக்கு வாங்கிப் போட்ட டைக்குளோபெனக், பிரஷருக்கான சில மாத்திரைகள், இவற்றுள் எதுவும் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடலாம். இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் கவனிக்க வேண்டும். தைரொயிட் குறைவே மனச்சோர்வுபோல வேடம் போடுவதும் உண்டு.

ஆனால் நம்மூரில் எனக்குப் பெரிய பயம் வேறு. “உந்தக் குளிசை பழகிப்போம், விடுங்கோ” என்கிற வாய்மொழிப் புத்திமதி. சொல்பவர் ஆற்றுப்படுத்துநராக, சாத்திரியாராக, மருந்தே வேண்டாமென்று ஜெபிப்பவராக இருக்கலாம். மருந்தை நிறுத்தச் சொல்வதும் மருந்து எழுதுவதைப் போன்ற மருத்துவத் தீர்மானம்தான். பதற்றத்துக்கு நெடுநாள் போட்ட குளோனசபாமைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம். லித்தியத்தை விட்டால் பித்துநிலை திரும்பலாம். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் வல்புரோயேற் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. ஆனாலும் கர்ப்பிணி அதைத் தானே நிறுத்தக்கூடாது, உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆகவே கேளுங்கள்: “நீங்கள் மருத்துவரா, உளவியலாளரா? பதிவு இலக்கம் என்ன?” கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருந்தின் பெயர், பக்கவிளைவு, எவ்வளவு காலம் போட வேண்டும் என்பதையும் கேளுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். உளவளத்துணையாளரிடம் போகும்போதும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். நல்ல துணையாளர் அதைப் பார்த்துவிட்டு உங்களை வைத்தியரிடம் திருப்பி அனுப்புவார். மருந்தில் கைவைக்க மாட்டார்.

மருத்துவரல்லாதவர் மருந்து எழுதினாலோ, பாமசி துண்டில்லாமல் நித்திரைக் குளிசை தந்தாலோ, சிட்டையையும் பெட்டியையும் எறியாதீர்கள். மருத்துவ சபைக்கோ யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கோ தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. மருந்து வேண்டுமென்றால் அரச கிளினிக்குக்குப் போங்கள், அங்கே மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. யாராவது உயிரை மாய்க்கும் பேச்சுப் பேசினால் கிளினிக் நாள்வரை காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.